நூற்றுத் தொண்ணூற்றாறு கிராம்

கறுப்பு லெதர் ஷூ இடது காலில் எப்படியோ ஏறிவிட்டது. வலது காலில் ஏறவில்லை. சபை உபதேசியார் குதிகாலை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மற்றொரு கையால் அழுத்திப் பார்த்தார். பிரதீப் ஒரு கரண்டிக் காம்பைப் பின்பக்கம் கொடுத்து நெம்பினான். டேனியலின் கால் விறைத்துப் போயிருந்தது. யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் அது இல்லை.

“கல்யாணத்துக்கு எடுத்த ஷூவுங்க இது. ஓடி ஓடி அண்ணனுக்குக் கால் அகண்டு போச்சு,” என்றான் பிரதீப். அழுது அழுது அவன் முகம் வீங்கியிருந்தது. டேனியலுக்கு அவன் ஒரே தம்பி.

சித்ரகலா சுவரோரமாக நின்று தன் கணவனின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சாக்ஸ். காலையில் குளிப்பாட்டும்போதுதான் பார்த்தாள், வலது காலில் இரண்டு நகங்கள் கருத்துப் போயிருந்தன. எப்போது கருத்தன என்று அவளுக்குத் தெரியவில்லை.

நேற்று மாலை நாலரை மணிக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் மேல் துணி விரித்துக்கொண்டிருந்தவர், “சித்தெ தண்ணி குடுங்க,” என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாராம். தண்ணீர் வருவதற்குள் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். நாற்பத்தொரு வயது.

“நாப்பதுக்கு மேல ஓட்டம் எதுக்குங்க? பச்சப் புள்ளையா என்ன?” பக்கத்து வீட்டு ரங்காத்தாள் யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். அவள் மூலையில் இருந்த மூட்டையின் மேல் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். சித்ரகலா வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலைக்கான மூட்டை அது. பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துண்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கரண்ட் போனது. ஐஸ் பெட்டிக்காகக் கொண்டுவந்திருந்த ஜெனரேட்டரை வெளியே யாரோ இழுத்துக் கிளப்பினார்கள். பெட்டியிலிருந்து உடலை எடுத்தாயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிரதீப் கரண்டியைக் கீழே வைத்தான். “அண்ணி, அந்த ஆரஞ்சுக் கலர் ஷூ இருக்குமில்ல? ரேஸுக்குன்னு வாங்குனது. அதப் போட்டு உட்டரலாம். அது அப்படியே துணியாட்ட இருக்கும், ஏறிக்கும்.”

“அது காணாமப் போச்சில்ல,” என்றாள் சித்ரகலா.

“நல்லாத் தேடுனீங்களா?”

“எல்லாப் பக்கமும் தேடிட்டோம் சித்தப்பா.” கதவருகே தோழிகளோடு உட்கார்ந்திருந்த அன்புசெல்வி சொன்னாள். அவளுக்குப் பதினான்கு வயது. “கட்டிலுக்கடியில, மேல அட்டத்துல, அடுப்புக்குப் பின்னாடி. நானும் அப்பாவும் தான் தேடுனோம்.”

அந்த ஷூ எங்கே இருக்கிறதென்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். அது ரங்காத்தாளின் முதுகுக்குப் பின்னால், மூட்டையின் பாதியாழத்தில் இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை சித்ரகலாதான் அதை அங்கே திணித்தாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது டேனியல் மாவட்ட அளவில் ஓடியவர். கல்யாணம், குழந்தை, ஷிப்ட் என்று ஆனபின் அது நின்றுபோனது. இரண்டு வருடங்களுக்கு முன் ஏதோ ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து எல்லாரையும் வேனில் கூட்டிப் போனார்கள். டேனியல் அதில் மூன்றாவதாக வந்தார். முதலாளியின் தங்கை கோகிலவாணி கடைசியாக வந்தாள். கணவனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்து, கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள். மறுநாள் அவள் கட்டிங் செக்‌ஷனுக்கே வந்து, மூச்சு வாங்காமல் ஓடுவது எப்படி என்று கேட்டாளாம். அதிலிருந்து விடிகாலையில் வேலம்பாளையத்திலிருந்து அவினாசி ரோடு வரைக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓடினார்கள். போகப் போக மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். டேனியலும் அவளும் நிற்கவில்லை.

தெருவில் பேச்சு வந்தது. பால் வாங்கப் போன இடத்தில் ரங்காத்தாள் அதைச் சித்ரகலாவின் காதில் கொண்டுவந்து சேர்த்தாள். சித்ரகலா சண்டை போடவில்லை. ஒருநாள் காலையில் அவர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, “நானும் வரட்டுங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“உனக்கெதுக்கு? கால் வலிக்கும்,” என்றார்.

அவர் பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் கால் வலிக்காதா?

அப்புறம் ஷூ வந்தது. அது வருவதற்கு முன்னால் மூன்று மாதம் வீட்டில் ஷூ பேச்சுத்தான். பேச்சு அன்புசெல்வியோடு நடக்கும். சித்ரகலா அடுப்படியில் கேட்டுக்கொண்டிருப்பாள். தினசரி ஓடுவதற்கு அடி தடித்த ஷூ வேண்டும், போட்டியன்றைக்கு அது பாரம். போட்டிக்கென்றே மெல்லிசான ஷூ உண்டு, குதிகால் உயரமிருக்காது, உள்ளே மெத்தை இருக்காது, மேலே வலைத்துணி மட்டும். ரொம்ப மெல்லிசாக எடுத்தால் பத்துக் கிலோமீட்டர் தாங்கும், அதற்கு மேல் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இருபத்தோரு கிலோமீட்டருக்கு நடுத்தரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இப்படியெல்லாம் சொல்லுவார். கம்பெனியில் துணியின் கனம் பார்க்கிற சின்னத் தராசில் தன் பழைய ஷூவை வைத்துப் பார்த்துவிட்டு வந்து ஒருநாள் சொன்னார்: முந்நூற்றைம்பத்திரண்டு கிராம். புது ஷூ வந்ததும் அதையும் வைத்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றாறு.

“ஒரு காலுக்கு நூத்தம்பத்தாறு கிராம் மிச்சம், கண்ணு. ஒவ்வொரு எட்டுக்கும் அத்தனை பாரம் தூக்க வேண்டியதில்ல. எத்தன ஆயிரம் எட்டு வெக்கறோம், யோசிச்சுப் பாரு.” மகளிடம் அப்படிச் சொல்லிவிட்டு ஷூவை உள்ளங்கையில் வைத்துக் கோழிக்குஞ்சு மாதிரித் தூக்கிக் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சித்ரகலா வெகுநாளாகப் பார்க்கவில்லை.

அதே வாரம் அவர் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் போனபோது அந்த அட்டை கிடைத்தது. பனியனுக்கு அளவு வெட்டுகிற தடித்த காகிதம். அதில் நான்கு பாதங்கள் பென்சிலால் வரையப்பட்டிருந்தன. இரண்டு பெரிய பாதம், பக்கத்திலேயே இரண்டு சின்னப் பாதம். நீளமும் அகலமும் மில்லிமீட்டரில் அவர் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஜெர்மனிக்குப் போன முதலாளி இந்த அளவை வைத்துத்தான் தன் தங்கைக்கும் டேனியலுக்குமாக இரண்டு ஜோடி வாங்கி வந்தார் என்று பிற்பாடு பிரதீப் சொல்லித் தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரி, ஒரே ஆரஞ்சு நிறம்.

பாதத்தை வரைய ஒருவர் நிற்க வேண்டும், ஒருவர் குனிய வேண்டும். யார் நின்றார்கள், யார் குனிந்தார்கள்? துணி பிரித்துக்கொண்டிருக்கையில், சோறு வடிக்கையில், ஜெபம் பண்ணுகையில் எல்லாம் அந்தக் கேள்வி அவள் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயம்புத்தூரில் ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஒன்றரை மணி நேரத்துக்குள் இருபத்தோரு கிலோமீட்டரை முடித்தால் பம்பாய் மாரத்தானுக்குக் கம்பெனியே அனுப்பும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் அவள் ஷூவை மூட்டைக்குள் வைத்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் தேடினார். மகளும் சேர்ந்து தேடி, கிடைக்காமல் அழுதே விட்டாள். சித்ரகலா மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் போட்டுக்கொண்டிருந்தாள். டேனியல் தேடுவதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அவள் எதிரில் நின்றார். பிறகு, “சரி, பழசே போதும்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரு மணி முப்பத்தோரு நிமிஷம் இருபது விநாடி. எண்பது விநாடி அதிகம். திரும்பி வந்து சாப்பிடும்போது அதை மட்டும் சொன்னார். ரசம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

கூட்டிப் பெருக்கும்போது கிடைத்ததாகச் சொல்லி ஷூவைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைத்தாள். இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அப்படியே பதினோரு நாள் ஓடியது.

தெருமுனையில் கார் நின்ற சத்தம் கேட்டது. காலனிச் சந்துக்குள் கார் வராது. நடந்துவந்தது யாரென்று உள்ளே இருந்தவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது; வாசலில் இருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். ரங்காத்தாள் மூட்டையிலிருந்து முதுகை எடுத்து, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள்.

“வாங்கம்மணி. இந்தச் சேர்ல உக்காருங்க.”

கோகிலவாணி சேரில் உட்காரவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து டேனியலின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியாக, வெயிலில் கருத்து, முப்பத்தைந்து வயதுக்கு மூப்பாகத் தெரிந்தாள். இப்படி இருப்பாள் என்று சித்ரகலா நினைத்திருக்கவில்லை. இன்னும் அழகாக நினைத்திருந்தாள். பிறகு கோகிலவாணி சித்ரகலாவின் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“நான் கோகிலவாணிங்க அக்கா.”

“தெரியுமுங்க.”

“உங்க பேரு எனக்கு இன்னிக்குத் தானுங்க தெரியும். வர்ற வழியில போஸ்டர்ல பாத்தேன். அவரு ‘ஊட்டுல’, ‘ஊட்டுல’ன்னு தான் சொல்லுவாரு.”

இரண்டு வருடம். தன் பெயரை அவளிடம் அவர் சொல்லவே இல்லை. அதில் சந்தோஷப்படுவதா, அவமானப்படுவதா என்று சித்ரகலாவுக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டாம் என்று நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“ஊட்டுல என்னன்னு சொல்லுவாரு?”

கோகிலவாணி யோசித்தாள். “நேரமாச்சுங்க, ஊட்டுல தேடுவாங்கன்னு சொல்லுவாரு. வேற ஒண்ணும் சொன்னதில்லீங்க.”

உபதேசியார் மறுபடியும் ஷூவை எடுத்தார். நாலு மணிக்கு அடக்கம். சவப்பெட்டி வந்து வாசலில் நின்றது. கோகிலவாணி அப்போதுதான் கால்களைக் கவனித்தாள்.

“அது ஏறாதுங்க. வலது காலு அவருக்கு ஆறு மில்லிமீட்டர் பெரிசு. ஷூ எடுக்கறப்ப வலதுக்குப் பாத்துத்தான் எடுக்கோணும்னு சொல்லுவாரு.”

பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அது தெரியாது. அந்தக் கால்களை எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறாள், காய்ச்சலில் துடைத்து விட்டிருக்கிறாள். எது பெரிது, எது சிறிது என்று பார்த்ததில்லை.

“அந்த லேசான ஷூ இருக்குமில்லீங்க? அதுன்னா சுலபமா ஏறும்,” என்றாள் கோகிலவாணி பிரதீப்பிடம்.

“அது தொலஞ்சு போச்சுங்கம்மா. ரேஸுக்கு மொத நாளே.”

“தொலஞ்சுதுங்களா?” அவள் புரியாமல் பிரதீப்பையும் சித்ரகலாவையும் பார்த்தாள். “அவரு அப்படிச் சொல்லலீங்களே. கோயம்புத்தூர்ல பழைய ஷூவோட வந்து நின்னாரு. இத்தன நாளு அதையே சொல்லிட்டு இருந்துட்டு இன்னிக்கு ஏனுங்க போட்டுட்டு வரலைன்னு கேட்டேன். லேசு நமக்கு ஒத்துக்கலீங்க, பாதம் நோவுது, பழசே போதும்னுட்டாரு. எனக்கு அன்னிக்குக் கோவமுங்க. எங்கண்ணன் அத்தன தூரத்துல இருந்து கொண்டாந்தது. ஒரு வாரம் நான் பேசக்கூட இல்லீங்க.”

அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

சித்ரகலா மூட்டையைப் பார்த்தாள். தொலைந்துவிட்டது என்று சொல்வதில் அவருக்கு என்ன கஷ்டம்? தொலையவில்லை என்று தெரிந்த ஆள்தான் அப்படி வேறொரு காரணத்தைத் தேடிச் சொல்லுவான். சனிக்கிழமை சாயங்காலம் எதிரில் நின்று பார்த்தாரே, அவர் தன்னைப் பார்த்தாரா, மூட்டையைப் பார்த்தாரா? எண்பது விநாடி. அதற்காக வீட்டில் எவ்வளவோ பேசியிருக்கலாம். இந்தப் பெண்ணிடம் மனசு விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் ஷூவைத் தானே குறை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அவள் எழுந்தாள். மூட்டையருகே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டாள். ரோஸும் பச்சையும் வெள்ளையுமாகத் துண்டுத் துணிகள் சரிந்து சிமென்ட் தரையில் கொட்டின. ஒரு ஷூ வந்தது. மறுபடியும் கையை விட்டு மற்றொன்றையும் எடுத்தாள்.

“அம்மா,” என்றாள் அன்புசெல்வி. கட்டிலுக்கடியில் அவள் தவழ்ந்து தேடியதைச் சித்ரகலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள் என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மகள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

பிரதீப் கையை நீட்டுவதற்குள் கோகிலவாணி எழுந்துவந்து ஷூவை வாங்கிக்கொண்டாள். வலைத்துணியில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. அவள் சித்ரகலாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நகத்தால் ஒவ்வொரு பிசிறாக எடுத்துக் கீழே போட்டாள். ரோஸ் நூல் ஒன்று தையலுக்குள் மாட்டியிருந்தது. அதற்குத்தான் நேரம் பிடித்தது.

“லேஸ முழுசா லூஸ் பண்ணிட்டுப் போடோணுமுங்க. இல்லீன்னா உள்ள மடங்கிக்கும்.”

அவள் டேனியலின் காலடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மணி, நீங்க எதுக்கு இதெல்லாம்,” என்று ரங்காத்தாள் பதறினாள். மேல்சாதித் தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண் இந்தக் காலனியில் யார் காலையும் தொட்டதை யாரும் கண்டதில்லை. கோகிலவாணிக்கு அது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. குதிகாலைத் தாங்கப் போனவள் குளிர்ச்சி பட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் மெதுவாக வைத்தாள். அந்தக் காலைத் தொட்டுப் பழகிய கை அல்ல அது. எப்படிப் பிடிப்பதென்றே அதற்குத் தெரியவில்லை. அதைப் பார்த்தபோது இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குச் சித்ரகலாவுக்குப் பதில் கிடைத்தது; அந்தக் காலடியில் குனிந்தவள் இவள் இல்லை. ஆனாலும் அந்த விரல்கள் அங்கே பட்டிருப்பது எரிச்சலாக இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள். எரிச்சல் போகவில்லை.

வலது ஷூ ஏறியது. இடது காலில் இருந்த லெதர் ஷூவைக் கழற்றி மற்றதையும் போட்டாள். இரண்டுக்கும் லேஸ் கட்டினாள். வெள்ளை உடுப்புக்குக் கீழே அந்த ஆரஞ்சு நிறம் பார்க்கக் கூச்சமாக இருந்தது. உபதேசியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிரதீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். சபையார் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். அன்புசெல்வி சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மாவின் பக்கம் வரவில்லை. சித்ரகலா ரங்காத்தாளோடு நடந்தாள். இரண்டு பக்கமும் கம்பெனிகள் இரைந்துகொண்டிருந்தன. ஒரு கம்பெனி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வடநாட்டுப் பையன்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள்.

கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே கோகிலவாணி நின்றுவிட்டாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை.

குழிக்குக் குறுக்கே இரண்டு கட்டைகளைப் போட்டு அதன் மேல் பெட்டியை வைத்தார்கள். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வரலாம் என்றார்கள். பிரதீப் வந்து நெற்றியில் முத்தமிட்டான். அன்புசெல்வி வந்தாள், அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டு நகர்ந்தாள்.

சித்ரகலா முகத்தருகே போகவில்லை. பெட்டியின் கால்மாட்டில் மண்மேட்டின் மேல் மண்டியிட்டாள். வலது ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். இடது ஷூவின் முடிச்சையும் அவிழ்த்தாள். பாட்டு நின்றுபோனது. லேஸை மேலிருந்து கீழாக முழுதும் தளர்த்தி, பிறகு துளை துளையாக இழுத்துத் தானே கட்ட ஆரம்பித்தாள். வலது முடிச்சு நிற்காமல் நழுவியது. ஆண்கள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

பக்கத்தில் யாரோ வந்து மண்டியிட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்காமலே மகள் என்று தெரிந்தது.

“ரெண்டு முடிச்சுப் போடும்மா,” என்றாள் அன்புசெல்வி. “அப்பா ரெண்டு தான் போடுவாரு.”

முதல் முடிச்சின் மேல் மகள் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திக்கொண்டாள். மூடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த உபதேசியார் இரண்டடி தள்ளியே நின்றார். சித்ரகலா இரண்டாவது முடிச்சைப் போட்டு, மகளின் விரல் சிக்காமல், மெதுவாக இறுக்கினாள்.